பாட்டிக்குச் சர்க்கரை பார்க்கும் பெண் எதைப் படிக்கலாம்?

உங்கள் மகளின் நீட் மதிப்பெண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது, வேறு எதைப் படிக்கவைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அதற்கு ஆறுதல் சொல்லி நேரத்தைக் கடத்த மாட்டேன். நிலத்தை விற்றாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கச் சொல்லும் உங்கள் மச்சானுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வேண்டாம். ஃபீஸ் கட்டப்போவது அவர் இல்லை. ஐந்தரை வருடம் கழித்து, பி.ஜி. சீட்டுக்கு விற்க உங்களிடம் என்ன மிச்சமிருக்கும்?

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். பாட்டிக்கு வீட்டு மீட்டரில் சர்க்கரை பார்த்தபோது ஒரே விரலில் 148, உடனே 161 என்று வந்ததும், ஏன் ஏன் என்று மகள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டாளாம். அதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள்! எனக்கு அதுதான் அவளுடைய மார்க் ஷீட்.

அவளுக்கு விடை இதோ. தூக்கிப்போடும் அந்தச் சின்ன ஸ்டிரிப்பில் கார்பன் மையால் அச்சடித்த மின்முனைகள் இருக்கின்றன. மேலே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் மாதிரி ஒரு நொதியும், எலக்ட்ரானைக் கடத்தும் ஒரு சேர்மமும் காய்ந்து கிடக்கும். ஒரு மைக்ரோலிட்டர்கூட வேண்டாத ரத்தத்துளி உள்ளே இழுபட்டதும், குளுக்கோஸ் இழக்கும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகின்றன. மீட்டர் அளப்பது அதைத்தான். டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரத்தில் நொதி கெடும். ரத்தசோகை இருந்தால் அளவு கூடக் காட்டலாம். 100-க்கு மேல் போனால், ஆய்வக அளவிலிருந்து 15 சதவீத விலகலை இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 15197-ஏ ஏற்கிறது. அதனால் 148-ம் 161-ம் அடுத்தடுத்து வரலாம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இன்னும் கடினம். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின், மொத்த ஹீமோகுளோபினில் எவ்வளவு என்று விகிதம் பார்க்க வேண்டும். சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் போரானிக் அமிலத்தை மின்முனையில் பூசி, இதையும் ஒரு மலிவான ஸ்டிரிப்பில் அடக்கப் பலர் முயல்கிறார்கள். 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். வேலைக்குப் பஞ்சமில்லாத ஆராய்ச்சி.

இதற்கான துறை, வேதிவினைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பைப் படிக்கும் மின்வேதியியல். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில், அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு, வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் என்றே ஒரு பி.டெக். இருக்கிறது. மகள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் கணக்கு தடையில்லை. கிடைக்காவிட்டால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல், பிறகு ஐ.ஐ.டி. போன்ற இடங்களுக்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதி எம்.எஸ்ஸி. செலவு உங்கள் கைக்குள் நிற்கும். மென்பொருள் போல முதல் மாதமே பெரிய சம்பளம் வராது. மேற்படிப்பும் கட்டாயம் தேவைப்படும். அதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிக்ரியில் இந்த ஆண்டுச் சேர்க்கை எந்த வழியில், எத்தனை இடம் என்பதை நேரில் கேட்டு வாருங்கள். மகளையும் கூட்டிப்போங்கள், கேள்விகளை அவள் கேட்கட்டும். அதுவரை எந்த ஏஜென்டுக்கும் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.