காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்டாலே 'மறுப்பாளர்' என்று முத்திரை குத்துவது சரியா?

சரியில்லை. அப்படிக் குத்திய முத்திரை ஒருமுறை நம் நாட்டிலேயே தவறாகிப் போனது.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. நான் அதை அப்படியே நம்பினேன். நண்பர்களிடம் சொல்லிச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் உயர் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா, பனிப்பாறைகள் வழக்கத்தை மீறிய வேகத்தில் சுருங்கவில்லை என்று எழுதினார். 2009 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே அதை வெளியிட்டது. ஐபிசிசியின் அப்போதைய தலைவர் பச்சௌரியோ அதை 'வூடூ சயின்ஸ்', அதாவது மாந்திரீக அறிவியல் என்று ஒதுக்கினார். அப்புறம் 2010 ஜனவரியில் அதே ஐபிசிசி, 2035 என்ற வரிக்காக வருத்தம் தெரிவித்தது.

அந்த எண் வந்த வழியைப் பாருங்கள். 1999இல் 'நியூ சயின்டிஸ்ட்' இதழில் வந்த ஒரு செய்தி, அங்கிருந்து 2005இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் அறிக்கை, அங்கிருந்து ஐபிசிசி. முறையாகச் சரிபார்க்கப்பட்ட ஆய்வு எதுவும் பின்னால் இல்லை. வரைவிலேயே ஜப்பான் அரசு 'இது எவ்வளவு உறுதி?' என்று கேட்டிருந்தது. அதை அப்போதே யாராவது காதில் வாங்கியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு ஆதங்கம்.

ஆனால் இதைக் காட்டி 'எல்லாமே புளுகு' என்பவர்களும் அதே பிடிவாதக்காரர்கள்தான். அதே அறிக்கையில் பனிப்பாறை வல்லுநர்கள் எழுதிய பகுதியில் 2035 கிடையாது. ரெய்னா சொன்னதும் முழுக்க நிற்கவில்லை. இந்து குஷ், இமயமலைப் பகுதியில் 2011–2020இல் பனிப்பாறை இழப்பு முந்தைய பத்தாண்டைவிட 65% வேகமாக நடந்ததாகக் காத்மாண்டுவில் உள்ள மலைப்பகுதி ஆய்வு அமைப்பான ஐசிமோட் 2023இல் சொன்னது. இமயமலையை ஒட்டிய காரகோரம் மலைத்தொடரில் மட்டும் நெடுங்காலம் பல பனிப்பாறைகள் பெரிதாகச் சுருங்காமல் இருந்தன. அது ஏன் என்பது நல்ல கேள்வி, ஆய்வாளர்களே கேட்கிற கேள்வி.

காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும்? 1979இல் விஞ்ஞானிகள் சொன்னது 1.5 முதல் 4.5 டிகிரி. 2021இல் அது 2.5 முதல் 4 வரை என்று குறுகியது. இதற்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய மேகங்களின் போக்கைக் கணிப்பது அவ்வளவு கடினம். ஆனால் இரண்டு கணக்கிலுமே பூஜ்யம் இல்லை.

அதனால் இப்போது யாராவது சந்தேகம் என்றால், 'எதில்?' என்றுதான் முதலில் கேட்கிறேன். 'எவ்வளவு, எப்போது' என்றால் உட்கார்ந்து பேசுகிறேன். எனக்கும் அதே சந்தேகங்கள் உண்டு.