பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லையா? கேள்வி பதில்

டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை என்று வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். ஆன் ஆகாதது வேறு, ஆன் ஆகி டிஸ்ப்ளே வராதது வேறு. பாதிப் பேர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கரூர்: ராத்திரி ஷட் டவுன் செய்தேன். காலையில் ஃபேன், லைட் எதுவும் இல்லை. எங்கிருந்து பார்ப்பது?

சுவரிலிருந்து. அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மானிட்டரின் பவர் கார்டும் சிபியுவின் பவர் கார்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான், மாற்றிச் செருகுங்கள். கேபினெட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை டப்பா) பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீட்டைப் பெருக்கும்போது அதில் கை பட்டிருக்கலாம். யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் கேபினெட்டின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். பல மதர்போர்டுகளில் கரண்ட் வந்தாலே ஒரு குட்டி எல்இடி எரியும். ஊதா வயரில் எப்போதும் வரும் 5 வோல்ட்தான் அதை எரிய வைக்கிறது. அது எரிந்தும் ஆன் ஆகவில்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் பவர் பட்டன் மேல்தான். முன்பக்க வயர்கள் வந்து சேரும் பின்களில் பவர் சுவிட்ச் என்று குறித்த கனெக்டரை உருவி, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் பட்டன் போச்சு. ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் செருகுங்கள், செலவில்லை.

அப்படியும் அசையவில்லையா? பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றுங்கள். பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுங்கள். வயர் எல்லாமே கறுப்பாக இருக்கும் மாடலில் ஊகம் வேண்டாம், பச்சைக்குரிய 16ஆம் பின் எது என்று வரைபடத்தில் பாருங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான். லோடு இல்லாமல் ஓடுவது முழு சர்டிபிகேட் ஆகாது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வருகிறதா பாருங்கள். மஞ்சளில் 11.4க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்காதீர்கள்.

வேலூர்: ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் கறுப்பு.

இது டிஸ்ப்ளே கேஸ். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் (மெமரி) கழற்றி, தங்க நிற விளிம்பை பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஒன்றை மட்டும் செருகிப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் இல்லை.

பாளையங்கோட்டை: ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது.

எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். முன்பக்க யுஎஸ்பி போர்ட்டுக்குள் டார்ச் அடித்தும் பாருங்கள். உள்ளே பின் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

சிவகாசி: எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறது போல. நானே மாற்றட்டுமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம்.

மதுரை: கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. எலக்ட்ரீஷியன் பிளக் பாயிண்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டார். ஷாக் போய்விட்டது, ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் ஆன் ஆகவில்லை.

கம்ப்யூட்டரை விடுங்கள். முதலில் மெயினை ஆஃப் செய்து அந்த வயரை எடுக்கச் சொல்லுங்கள்.

சுர்ரென்பதற்குக் காரணம், எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு குட்டி கெப்பாசிட்டர்கள் கேபினெட்டின் இரும்போடு இணைந்திருப்பதுதான். எர்த் இல்லையென்றால் அந்த இரும்பு நடுவில் மாட்டிக்கொண்டு 115 வோல்ட் வாக்கில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. அதே நிலையில் டிவிக்கும் சிபியுவுக்கும் நடுவே எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் போகக்கூடும்.

சேலம்: பயமுறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் பல வருஷமாக அப்படித்தான் சேர்த்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் ஈபிக்காரர்களே நியூட்ரலை எர்த் செய்கிறார்களே?

செய்கிறார்கள், அது அங்கே. உங்கள் வீட்டுப் பிளக் பாயிண்டுக்கு வரும் நியூட்ரல் வயர் வழியில் எங்காவது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவி வழியாக ஃபேஸ் அந்த அறுந்த நியூட்ரலுக்கு வரும். நீங்கள் போட்ட துண்டு வயர் வழியாகக் கேபினெட்டுக்கும் வரும். அப்போது 230 வோல்ட், தடுக்க ஒன்றும் இல்லை. வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக ஆஃப் ஆகும் சுவிட்ச்) இருந்தால் அதன் வேலையையும் இந்த இணைப்பு கெடுத்துவிடும்.

சேலம், மறுபடியும்: இதுவரை ஒன்றும் ஆகவில்லையே.

நியூட்ரல் இதுவரை அறவில்லை. வேறென்ன சொல்ல?

ஈரோடு: அப்படியானால் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால்?

மறுபடியும் சுர்ரென்னும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸ் இரும்பில் பட்டாலும் ஃப்யூஸ் போகாது, யாராவது தொடும்வரை காத்திருக்கும். முறையான எர்த் குழி, லைசென்ஸ் உள்ள ஆள், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230ஐ ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் வந்தால் சந்தோஷம். லோடு ஓடும்போதும் துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் யாரோ துண்டு வயர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

கடலூர், தாம்பரம், ஓசூர்: ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை.

வேலூர்.

நாகப்பட்டினம்: இடி இடித்த பிறகு ஆன் ஆகவில்லை. ஸ்பைக் கார்ட் போட்டிருந்தேனே?

லேன் கேபிள் போட்டிருந்தீர்களா? மின்னல் மோடம் வழியாகவும் வரும். வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டியும் அசையவில்லை என்றால் மதர்போர்டு. அடுத்த முறை வானம் கறுத்தால் பவர் பிளக், லேன் கேபிள் இரண்டையும் உருவிவிடுங்கள்.

தர்மபுரி: சிமோஸ் பேட்டரி தீர்ந்தால் ஆன் ஆகாதா?

மதர்போர்டில் இருக்கும் அந்த வட்டப் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் தேதி, நேரம்தான் தப்பாகக் காட்டும். சில போர்டுகள் அடம்பிடிக்கும். சிஆர் 2032, 3 வோல்ட், விலை குறைவு. மாற்றிப் பாருங்கள்.

திண்டுக்கல்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து தூசி மட்டும் ஊதலாமா?

சிவகாசிக்குச் சொன்னது உங்களுக்கும்தான். வெளியிலிருந்து ஊதுங்கள்.

புதுச்சேரி: சென்னை ரிச்சி தெருவில் 450 வாட் எஸ்எம்பிஎஸ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்கி 192 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். லேபிளில் ஆம்பியரே போடவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.