எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கியபின் கழுத்துக் கட்டி பெரிதானால் நிறுத்தலாமா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"எங்க அண்ணனுக்கு 38 வயசுங்க. தறி ஓட்டறார். மூணு மாசமா சாயங்காலம் ஆனாக் காய்ச்சல், உடம்பும் பாதியா இளைச்சுப்போச்சு. சளி டெஸ்ட்ல கிருமி இல்லைன்னாங்க. அப்புறம் கழுத்துல நெறி கட்டுனதை ஊசியில எடுத்துப் பார்த்து டி.பி.ன்னு சொன்னாங்க. அதே வாரத்துல எச்.ஐ.வி.யும் இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்க. சி.டி.4 எண்ணிக்கை 62. டி.பி. மாத்திரை ஆரம்பிச்சதும் காய்ச்சல் விட்டு நல்லாச் சாப்பிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு எச்.ஐ.வி. மாத்திரை குடுத்தாங்க. அதுக்கு மூணாவது வாரம் காய்ச்சல் திரும்ப வந்து, நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி ரெண்டு மடங்காயிருச்சு. மாத்திரை ஒத்துக்கலை, நிறுத்தறேன்கறார். நிறுத்திப்போடலாமுங்களா? வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்குது, அவங்களுக்கு என்ன பண்ணோணும்?"

நிறுத்த வேண்டாம் அம்மா. இரண்டு நோய்க்குமான மாத்திரைகளில் ஒரு வேளைகூட விடாமல், நாளைக்கே அண்ணனை எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப் போங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நாள்கணக்கைப் பார்த்தால், இது பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாததால் வந்ததாக இருக்காது. செத்துக் கிடந்த எதிர்ப்பு சக்தி திரும்பி வருவதன் அடையாளமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அதை உறுதிப்படுத்த வேண்டியது அவரை நேரில் பார்க்கும் மருத்துவர். "எதிர்ப்பு சக்தி வருகிறது, தானாகச் சரியாகும்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, இந்த இரண்டு கிருமிகளும் நம் உடம்பின் காவல் செல்களை என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் அண்ணனும் மாத்திரையை விடமாட்டார்.

காசநோய்க் கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகிறது. அங்கே மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் இருக்கின்றன. எந்தக் கிருமி வந்தாலும் விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அந்தப் பையோடு அமிலமும் நொதியும் நிரம்பிய இன்னொரு பையைச் சேர்த்துக் கரைத்துவிடுவது அவற்றின் வேலை. டி.பி. கிருமியையும் விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்தக் கிருமி அந்த இரண்டு பைகளும் சேராமல் தடுத்துவிடும். தன்னைக் கொல்ல வேண்டிய செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து நிதானமாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமிக்கு அது அரைமணி வேலை. சிகிச்சை ஐந்து நாளில் முடியாமல் ஆறு மாதம் போவதற்கு இந்த நிதானமும் ஒரு காரணம்.

விழுங்கு செல்லால் தனியாக ஜெயிக்க முடியாத இந்த இடத்துக்குத்தான் சி.டி.4 செல்கள் வருகின்றன. இவை டி வகை வெள்ளையணுக்கள். கிருமியை நேரடியாகக் கொல்வது இவற்றின் முக்கிய வேலை அல்ல. இண்டர்பெரான் காமா என்ற பொருளைச் சுரந்து, அசந்து நிற்கும் விழுங்கு செல்லை உசுப்பிவிடுகின்றன. உசுப்பப்பட்ட செல்லால் உள்ளே இருக்கும் கிருமியை அடக்க முடியும். இப்படி விழுங்கு செல்களும் சி.டி.4 செல்களும் கிருமியைச் சுற்றி நெருக்கமாகக் கூடி ஒரு முடிச்சாகின்றன. அதற்குக் கிரானுலோமா என்று பெயர்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். கம்பி வேலிபோல் ஒருமுறை நட்டுவிட்டு மறந்துபோக முடியாது. அது உயிருள்ள வேலி, பட்டுப்போன இடத்தில் புதுக் கிளுவை நட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிரானுலோமாவும் அப்படித்தான். அதிலுள்ள செல்கள் மடிந்துகொண்டே இருக்கும், புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த வரத்து இருக்கும்வரை உள்ளே இருக்கும் கிருமி பெரும்பாலும் வெளியே வராது. நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் உடம்பில் டி.பி. கிருமியை வைத்துக்கொண்டே நோயில்லாமல் வாழ்கிறார்கள். எச்.ஐ.வி. இல்லாதவர்களில், கிருமி தொற்றியவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. எச்.ஐ.வி. இருந்து மாத்திரை எடுக்காதவர்களுக்கோ ஒரே வருடத்தில் அந்த அளவு ஆபத்து வந்துவிடும்.

காரணம், எச்.ஐ.வி. குறிவைப்பதே அந்த சி.டி.4 செல்லைத்தான். அந்த செல்லின் மேலுள்ள சி.டி.4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. நல்ல உடல்நிலையில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டிய எண்ணிக்கை வருடக்கணக்கில் கரைந்து 200க்குக் கீழே போகும்போது பல நோய்கள் நுழைந்துவிடுகின்றன. டி.பி. அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. டி.பி. கிருமியை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிய சி.டி.4 செல்கள் எச்.ஐ.வி.க்கு முதலிலேயே பலியாகின்றன. அதனால் எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருக்கும் காலத்திலேயே டி.பி. தலைகாட்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மற்ற எந்தத் தொற்றையும்விட டி.பி.தான் அதிகமாக உயிரைப் பறிக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். டி.பி. வந்த இடத்தில் சண்டைக்காக சி.டி.4 செல்கள் விழித்தெழுந்து கூடுகின்றன. தூங்கும் செல்லில் பெருகச் சிரமப்படும் எச்.ஐ.வி., விழித்த செல்லில் வேகமாகப் பெருகும். வீக்கத்தை உண்டாக்கும் டி.என்.எப். போன்ற பொருள்களும் வைரஸ் பெருகத் துணைபோகின்றன. ஒன்று காவலைக் குறைக்கிறது, மற்றது வைரஸுக்குத் தீனி போடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காமல் ஒன்றை மட்டும் குணப்படுத்த நினைத்தால் பலன் இருக்காது. டி.பி.யே சி.டி.4 எண்ணிக்கையைக் கொஞ்சம் இறக்கும் என்பதால், அந்த 62 முழுவதும் எச்.ஐ.வி.யின் கணக்கு அல்ல. சிகிச்சை தொடர்ந்தால் ஏறும்.

சளியில் ஏன் கிருமி தெரியவில்லை என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவருக்கு டி.பி. வந்தால், எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொந்து பல நேரம் தெரியும். அந்தப் பொந்தை உண்டாக்குவது பெரும்பாலும் நம் செல்களின் மூர்க்கமான சண்டைதான். பொந்து மூச்சுக்குழாயில் திறப்பதால் சளியில் கிருமி கொட்டும். சி.டி.4 குறைந்தவருக்கு அந்தச் சண்டையே நடப்பதில்லை. எக்ஸ்ரே கிட்டத்தட்டச் சுத்தமாகக்கூட இருக்கும். கிருமி நிணநீர்க் கட்டி, வயிறு, மூளை உறை என்று பரவியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்து "இல்லை" என்று சொல்வது இவர்களுக்குப் போதாது. சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுப் பரிசோதனை வேண்டும். கட்டியிலிருந்து எடுத்ததை அதில் போட்டார்களா, டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்று அதில் வந்ததா என்பதை நாளை கட்டாயம் கேளுங்கள்.

தறி, ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி என்று பஞ்சுக்குள்ளேயே வாழும் நம் ஊரில், இருமலென்றால் "பஞ்சுத் தூசிதான்" என்று தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் எத்தனையோ பேர் தாமதமாகவே வருகிறார்கள் என்பது என் பெரிய வருத்தம். இரண்டு வாரம் இருமினால்தான் பரிசோதனை என்ற கணக்கெல்லாம் எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கிடையாது. இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் ஒன்று ஒரு நாள் இருந்தாலும் டி.பி.க்குப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கட்டிக்கு வருவோம். டி.பி. மாத்திரை கிருமியைக் கொல்லத் தொடங்கியது, அண்ணன் தேறினார். ஆனால் செத்த கிருமிகளின் மிச்சம் கட்டிக்குள்ளேயே கிடக்கிறது. எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் வைரஸ் மளமளவென்று இறங்கி, சி.டி.4 செல்கள் ஏறத் தொடங்குகின்றன. திரும்பி வந்த செல்கள் அந்த மிச்சத்தைப் பார்த்ததும் பல மாதமாக நடக்காத சண்டையை ஒரேயடியாகத் தொடங்குகின்றன. கட்டி சிவந்து வீங்கும், தொட்டால் சூடாக இருக்கும், காய்ச்சல் வரும், சில நேரம் சீழ் உடைத்துக்கொண்டு வெளியேறும். மருத்துவர்கள் இதை ஐரிஸ் என்பார்கள். சி.டி.4 மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு, எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் இது அதிகம் வரும். உங்கள் அண்ணனின் கதை அதற்குள் அச்சாகப் பொருந்துகிறது.

"அப்படியென்றால் டி.பி.யை முடித்துவிட்டே எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்திருக்கலாமே?" என்று தோன்றும். நியாயமான கேள்விதான். கம்போடியாவில் டி.பி.யும் எச்.ஐ.வி.யும் சேர்ந்த 661 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. டி.பி. மாத்திரை தொடங்கி இரண்டு வாரத்தில் எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கியவர்களுக்கு, எட்டு வாரம் காத்திருந்தவர்களைவிட ஐரிஸ் அதிகம் வந்தது. ஆனால் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வீக்கத்துக்குப் பயந்து காத்திருந்தால் உயிர் போகிறது என்பது அதில் தெளிவானது. மூளை உறையில் டி.பி. இருந்தால் மட்டும் சில வாரங்கள் பொறுத்துத் தொடங்குவார்கள். மண்டைக்குள் வீக்கம் வந்தால் தாங்காது.

மருத்துவர் என்ன செய்வார்? கிருமி மருந்துக்கு அடங்காத வகையா, வேறு தொற்று சேர்ந்திருக்கிறதா, மாத்திரை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று முதலில் பார்ப்பார். அவை இல்லையென்றால் லேசான வீக்கத்துக்கு வலி மாத்திரை போதும். சீழ் கட்டியிருந்தால் ஊசியில் உறிஞ்சி எடுப்பார். அதிகமாக இருந்தால் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பார். அந்த ஸ்டீராய்டை மெடிக்கலில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், கிருமி அடங்காத வகையாக இருந்தால் விபரீதமாகிவிடும். விடாத தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம், மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை பொறுக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மாத்திரையில் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். டி.பி. மாத்திரையிலுள்ள ரிபாம்பிசின் கல்லீரலை வேகப்படுத்தி, எச்.ஐ.வி. மாத்திரையிலுள்ள டொலுடெக்ராவிரைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் வழக்கமான கூட்டு மாத்திரையோடு, 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் ஒன்று தனியாகத் தர வேண்டும், டி.பி. சிகிச்சை முடிந்த பிறகும் இரண்டு வாரம் அதைத் தொடர வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்துகள் டொலுடெக்ராவிரைச் சரியாக உடம்பில் சேரவிடாது. எடுப்பதாக இருந்தால் மையத்தில் சொல்லுங்கள். லேகியம், சூரணம் எதுவும் இப்போது வேண்டாம், கல்லீரலுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிபாம்பிசினின் நிறம், பயப்பட வேண்டாம்.

வீட்டைப் பற்றி. நிணநீர்க் கட்டி டி.பி. மற்றவர்களுக்குப் பரவாது, நுரையீரலில் இருந்தால்தான் பரவும். அதனால் அண்ணனுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். நுரையீரலிலும் இருக்கிறதென்றால் குழந்தைகள் உட்பட வீட்டில் எல்லோருக்கும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள். அவரைத் தனி ரூமில் தள்ளித் தனித் தட்டு வைக்க அவசியமில்லை. டி.பி.யும் எச்.ஐ.வி.யும் தட்டில் பரவுவதில்லை. ஒரு காலத்தில் டி.பி. என்றாலே பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தாலும் நன்றாகக் குணமாகும், கூட இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகமாகாது என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம் சென்னையில் நடந்து 1959இல் வெளியான ஆய்வுதான்.

சாப்பாட்டில் முட்டை, பருப்பு, நிலக்கடலை தாராளமாக இருக்கட்டும். நிக்‌ஷய் திட்டத்தில் சிகிச்சைக் காலத்தில் சத்தான சாப்பாட்டுக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் அரசு வங்கிக் கணக்கில் போடும். பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தறிப்பட்டறையில் விஷயம் தெரிந்துவிடுமோ என்று அவர் பயந்தால், அவர் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்வதும், அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டவை என்று சொல்லுங்கள்.

நீங்கள் அண்ணியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அண்ணனே அவரிடம் பேசி, இந்த வாரமே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போகட்டும். பேசத் தயக்கமாக இருந்தால் அங்குள்ள ஆலோசகர் முன்னிலையில் பேசலாம், அல்லது எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்கு அழைத்து முதலில் விவரம் கேட்டுக்கொள்ளலாம். அவருக்கும் தொற்று இருந்தால் சி.டி.4 இறங்குவதற்கு முன்பே மாத்திரை தொடங்கி, டி.பி.க்கும் தடுப்பு மாத்திரை கொடுத்துவிடலாம். தொற்று இல்லையென்றால், அண்ணன் மாத்திரையை விடாமல் எடுத்து ரத்தத்தில் வைரஸ் தெரியாத நிலைக்கு வந்து அப்படியே இருக்கும்வரை, தாம்பத்தியத்தில் அவருக்கு அது பரவாது. அந்த நிலையை வைரஸ் அளவுப் பரிசோதனை உறுதி செய்யும்வரை ஆணுறை கட்டாயம். பரிசோதனை வழக்கமாக ஆறாவது மாதத்தில் வரும், தேதியை இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.