மீத்திறன் குழந்தைகள் குறித்துச் சில கேள்விகளும் பதில்களும்

வயதுக்கு மிஞ்சிய அறிவுத்திறன் உள்ள பிள்ளைகளையே மீத்திறன் குழந்தைகள் என்கிறோம். பள்ளி மாணவர் ஆலோசகராகப் பணியாற்றும் ஒருவர், மற்றவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி: என் மகனுக்கு நான்கரை வயது. உலக நாடுகளின் தலைநகரங்களையும் நூறு குறட்பாக்களையும் பிழையின்றிச் சொல்கிறான். காணொளி எடுத்துப் போடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இவனை மீத்திறன் குழந்தை என்று கருதலாமா? (ஒரு தாய், சேலம்)

பதில்: இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. கூர்மையான நினைவாற்றல் மீத்திறனின் அடையாளங்களுள் ஒன்றுதான். ஆனால் வீட்டில் நாள்தோறும் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குறளை ஒப்பித்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதையே கவனியுங்கள். தென் ஆப்பிரிக்காவுக்கு மூன்று தலைநகரங்கள் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறானா, அல்லது "ஏன் மூன்று? அப்படியானால் மற்ற நாடுகளுக்கு ஏன் ஒன்று?" என்று உங்களைத் துளைத்தெடுக்கிறானா? இரண்டாவது வகைக் குடைச்சல் வெவ்வேறு பொருள்களில், மாதக்கணக்கில் தொடர்ந்தால் மீத்திறன் இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

காணொளி வேண்டாம் என்பதே என் கருத்து. வருகிறவர்கள் முன்னெல்லாம் ஒப்பித்துக் கைதட்டல் பெறும் குழந்தை, நாளடைவில் தனக்கு விடை தெரியாத கேள்வியை விரும்பாமல் போகிறது. அந்த விருப்பம்தான் இந்த வயதில் அதனிடம் உள்ள பெரிய செல்வம்.

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறாள். விடை பெரும்பாலும் சரியாக இருக்கிறது. முடித்ததும் அருகில் இருப்பவர்களோடு பேசத் தொடங்கிவிடுகிறாள். சக ஆசிரியர்கள் அதைத் திமிர் என்கிறார்கள். தேர்வுக் கருவி எதுவும் இல்லாத பள்ளியில் இத்தகைய பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? (திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: நீங்கள் ஏற்கெனவே அடையாளம் கண்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். கருவி இல்லையே என்று வருந்தவும் வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, நுண்ணறிவுத் தேர்வைக் கொண்டு ஏறத்தாழ 1,500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அந்தத் தேர்வில் கழித்துவிடப்பட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. தேர்வுக்குப் பெரும்பாலும் ஆசிரியர்கள் பெயர் கொடுத்த பிள்ளைகளே அனுப்பப்பட்டார்கள் என்பதும் நமக்குப் பாடம். கேட்டால் பெயர் கொடுக்க நம் நினைவுக்கு வருபவர்கள் அழகாக எழுதும், அமைதியாக அமரும் பிள்ளைகள். பேசுகிற பிள்ளையும் கிழிந்த நோட்டுக்காரியும் வருவதில்லை.

கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதற்குச் சீனிவாச ராமானுஜனே சான்று. 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி அவருக்குக் கணக்குக்காகப் பரிசு கொடுத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகை பறிபோனது. அவருடைய திறமை யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும், ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்த மாணவரை என்ன செய்வதென்று அந்த ஏற்பாட்டுக்குத் தெரியவில்லை.

வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிற்சியின் கடைசியில் இருக்கும் கடினமான ஐந்து கணக்குகளை முதலில் கொடுங்கள். அவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் மீதியிலிருந்து அவளுக்கு விலக்களித்து, விடை உடனே புலப்படாத வேறொரு கணக்கைக் கொடுங்கள். அதே வகைக் கணக்கில் இன்னும் இருபதைக் கொடுப்பது தண்டனையாகவே படும். வழிமுறையை முதலில் வாயால் விளக்கச் சொல்லுங்கள்; எப்படி வந்தது என்று அவளுக்கே தெளிவானபின், படிப்பவர் புரிந்துகொள்வதற்காக எழுத வேண்டும் என்றால் ஏற்றுக்கொள்வாள். மெல்லக் கற்கும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எப்போதும் அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். நாம் அனைவரும் செய்வதுதான் அது. ஆனால் அவளும் கற்றுக்கொள்ளவே பள்ளிக்கு வருகிறாள்.

அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்து, தேர்வு பெற்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதில் உள்ள மனத்திறன் பகுதி இவளைப் போன்றவர்களுக்கு மிகவும் பிடிக்கும். பெண்ணை மேற்கொண்டு படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் வீட்டில், அந்தத் தொகைக்குத் தன் அளவைவிடப் பெரிய மதிப்பு உண்டு.

கேள்வி: மகளுக்கு நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 138 என்று அறிக்கை வந்திருக்கிறது. அவளிடம் சொல்லலாமா? (ஒரு தந்தை, சென்னை)

பதில்: எண்ணைச் சொல்ல வேண்டாம். சராசரி 100 என்று அமைந்த அளவுகோலில் 130க்கு மேல் வருவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். அந்த அளவில் மகிழ்ந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் இன்றும் சில இடங்களில் 1930களில் உருவான பினே-காமத் நுண்ணறிவுத் தேர்வே பயன்படுகிறது என்பதால், எந்தத் தேர்வு வைத்தார்கள் என்று கேளுங்கள். மொத்த எண்ணைவிட உட்பிரிவு மதிப்பெண்களே பயன்தரும்: எதில் உயரம், எதில் பள்ளம் என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: பத்து வயது மகள், கணக்கில் 98 வாங்கியதற்காக இரவெல்லாம் அழுதாள். வரைந்த படத்தில் ஒரு கோடு பிசகினால் தாளைக் கிழித்துவிடுகிறாள். நாங்கள் அவளை ஒருநாளும் திட்டியதில்லை, பாராட்டித்தான் வளர்த்தோம். (ஒரு தாய், மதுரை)

பதில்: பாராட்டு எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். 1998இல் வெளியான கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோரின் ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை "நீ புத்திசாலி" என்றும் மற்றொரு பகுதியினரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களில் தடுமாறியபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் விரைவில் சோர்ந்தார்கள். அவர்களில் கூடுதலானோர் தங்கள் மதிப்பெண்ணை உயர்த்திப் பொய்யும் சொன்னார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது ஒரே அளவில் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம். ஆனாலும் புத்திசாலி என்ற பட்டத்தைச் சுமக்கும் குழந்தைக்கு, இழந்த இரண்டு மதிப்பெண் அந்தப் பட்டமே பறிபோவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. இவர்களுடைய அறிவு பதினான்கு வயதுக்குரியதாக இருக்கலாம். மனம் பத்து வயதுக்குரியதுதான். அவ்வளவு தெளிவாகப் பேசுகிற பிள்ளை இவ்வளவு சிறிய விஷயத்துக்கு அழலாமா என்று நாம் கேட்டுவிடுகிறோம். அவள் எளிதில் தேர்ச்சி பெற முடியாத ஒன்றை, மதிப்பெண்ணும் மேடையும் இல்லாத ஒன்றை, உங்களோடு சேர்ந்து கற்கட்டும். நீச்சலோ தையலோ, நீங்களும் தடுமாறும் ஒன்றாக இருந்தால் மேலும் நல்லது. தூக்கம் குறைந்தாலோ, தேர்வு நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தாலோ, தான் இல்லாமல் போனால் நல்லது என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஐந்தாம் வகுப்புக்கு டபுள் புரமோஷன் தரப் பள்ளி முன்வருகிறது. ஏற்கலாமா? (ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

பதில்: சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்புத் தாண்டல் கெடுதல் செய்வதில்லை என்றே மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன, நம் பெற்றோர் அஞ்சும் அளவுக்கு அது ஆபத்தானதன்று. ஆனால் எல்லாப் பாடத்திலும் முன்னே இருக்கிறானா, அவனுக்கு விருப்பமா என்ற இரண்டையும் பாருங்கள். கணக்கில் மட்டும் முன்னே இருந்தால், கணக்கு வேளைக்கு மட்டும் மேல் வகுப்பில் அமரச் செய்ய இயலுமா என்று கேளுங்கள். நீட் தேர்வுக்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிரம்ப வேண்டும் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் பிடித்த ஆண்டை அங்கே காத்திருந்து கழிக்க நேரலாம்.

கேள்வி: பேரன் விண்வெளி குறித்து மணிக்கணக்காகப் பேசுகிறான், அம்மா. எழுதச் சொன்னால் ஒரு பத்திகூட வருவதில்லை. எழுத்துகள் இடம் மாறுகின்றன. சோம்பேறி என்கிறது பள்ளி. (ஒரு தாத்தா, தஞ்சாவூர்)

பதில்: ஐயா, மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியும். திறமை குறைபாட்டை மறைக்கும்; குறைபாடு திறமையை மறைக்கும்; முடிவில் சராசரி மாணவன் என்று இருந்துவிடுவான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ குழந்தை நலப் பிரிவிலோ மதிப்பீட்டுக்குக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கோரலாம். அதுவரை, விண்வெளி பற்றிய அவன் பேச்சைப் பதிவு செய்து ஆசிரியரிடம் கேட்கக் கொடுங்கள்.

கேள்வி: மேடம், நான் பதினொன்றாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலிடம். வீட்டிலும் தெருவிலும் என்னை டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அப்பா உடைந்துவிடுவார். (ஒரு மாணவி)

பதில்: எல்லாப் பாடமும் எளிதாக வந்தவர்களுக்கு எது பிடிக்கும் என்று தெரிய நேரமாகும், கண்ணு, எதுவும் கடினமாக இருந்து உன்னை விலக்கியதில்லை. பதினாறு வயதில் அது குறையன்று. மருத்துவம் பிடிக்கவில்லை என்று அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அதுவும் உனக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது. "இன்னும் முடிவு செய்யவில்லை, டாக்டர் என்று கூப்பிட வேண்டாம்" என்பதை மட்டும் சொல். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், நீ நம்பும் ஆசிரியர் ஒருவரை உடன் வைத்துக்கொள். விடுமுறையில் ஒரு மருத்துவரிடமும், வேறு துறையில் இருக்கும் இருவரிடமும், அவர்களுடைய சாதாரண வேலைநாள் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பார். இரவில் மனம் தாங்காமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழை. கட்டணமில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். அப்பாவிடம் பேசியபின் என்ன நடந்தது என்று எனக்கு எழுது.