குளிரில் ‘டிக் டிக்’, சூட்டில் மௌனம்: பழைய காரின் புகைக்குழாய் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் காருக்கு 14 வயதாகிறது. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறது. பத்து நிமிடம் ஓடிய பிறகு தானாகவே நின்றுவிடுகிறது. டாப்பெட் (எஞ்சினின் வால்வுகளை இயக்கும் பாகம்) தேய்ந்துவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டுமா?

பதில்: திறப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். நீங்கள் சொல்லும் குறி டாப்பெட்டைக் காட்டிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைத் திரட்டிப் புகைக்குழாய்க்கு அனுப்பும் பாகம்) கேஸ்கெட்டையே, அதாவது அதன் இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பையே, அதிகம் சுட்டுகிறது. மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பால் ஆனதாக இருந்தால், அது சூடேறும்போது விரிந்து, கேஸ்கெட்டில் உள்ள இடைவெளியையோ தன் உடலில் விழுந்த மயிரிழை விரிசலையோ தானே அடைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஆறியதும் இடைவெளி மீண்டும் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளும்போது ஒரு ‘டிக்’ கேட்கிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. டாப்பெட் சத்தம் எஞ்சினின் வேகத்தோடு மட்டுமே கூடிக் குறையும். கசிவின் சத்தமோ எஞ்சினுக்குப் பாரம் ஏறும்போதுதான் உரக்கக் கேட்கும். ஆகவே, எஞ்சின் ஆறியிருக்கும் நிலையில் ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் சத்தம் பெருத்து, காலை எடுத்தவுடன் அடங்கினால், உங்கள் டாப்பெட் மீது பழி சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் மேனிஃபோல்டும் சிலிண்டர் ஹெட்டும் (சிலிண்டர்களின் மேல்மூடி) சேரும் விளிம்பைப் பாருங்கள். கசியும் இடத்தில் கரி படிந்து கறுப்பாகக் கோடிட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு நான் பெரிதும் நம்புவது சோப்பு நீரைத்தான். காற்றை வெளியே தள்ளும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயைப் புகைக்குழாயின் வால்முனையில் துணி சுற்றிச் செருகி, ஆறிய எஞ்சினை ஓடவிடாமல் காற்றை மட்டும் உள்ளே செலுத்தி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டையுள்ள இடம் குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஓடும்போது சூடான குழாயைக் கையால் தடவிக் கசிவு தேடும் பழக்கம் சிலரிடம் உண்டு; தீக்காயத்துக்கு அதைவிட நேர்வழி கிடையாது.

கேள்வி: டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி 0420 என்று வருகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்குள் மைலேஜும் குறைந்துவிட்டது. வேறு வழி உண்டா?

பதில்: பி 0420 என்பது கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் கருதுகிறது என்பதற்கான குறி மட்டுமே, கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்ற தீர்ப்பு அன்று. கன்வெர்ட்டருக்கு முன்னால், புகையிலுள்ள ஆக்சிஜனை உணரும் ஓர் ஆக்சிஜன் சென்சாரும் பின்னால் இன்னொன்றும் இருக்கின்றன. சாதாரண வகையிலான முன் சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின் சென்சார் பெரிதும் அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால்தான் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு விளக்கைப் போடுகிறது.

அந்தச் சந்தேகத்தைக் கன்வெர்ட்டர் மட்டுமே கிளப்புவதில்லை. குழாயில் விழுந்த ஒரு சிறு ஓட்டையும் கிளப்பும். புகை விட்டுவிட்டுத் தள்ளப்படுவதால், ஒரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவே குழாயினுள் அழுத்தம் கணநேரம் இறங்கி, அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஓட்டை சென்சாருக்கு அருகில் இருந்தால், அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சென்சார் கண்டு, ‘எரிபொருள் போதவில்லை’ என்று பொய்ச்சாட்சி சொல்கிறது. அதுவும் முன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால், கம்ப்யூட்டர் அதை நம்பி மேலும் பெட்ரோலை ஊற்றுகிறது. உங்கள் மைலேஜ் அப்படியே கரைந்திருக்க வாய்ப்பு உண்டு. எனவே கசிவை முதலில் தேடுங்கள், பிறகு சென்சார்களைச் சோதியுங்கள், கன்வெர்ட்டரை மாற்றும் பேச்சைக் கடைசியில் எடுங்கள்.

கன்வெர்ட்டர் உண்மையாகவே கெட்டிருந்தால், அதைக் கெடுத்தது எது என்று கேட்காமல் புதியதைப் பூட்டுவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வெள்ளையடிப்பதற்குச் சமம். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பின் மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ தவறினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அந்தப் பீங்கானை உருக்கிவிடும். எஞ்சின் எண்ணெய் குடித்தாலும், குளிர்விக்கும் நீர் கசிந்து சிலிண்டருக்குள் போனாலும், அவற்றின் படிவு உலோகப் பூச்சை மூடிவிடும். காரணம் அப்படியே இருக்கும்வரை புதிய கன்வெர்ட்டருக்கும் அதே கதிதான்.

கேள்வி: வண்டி ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) நன்றாக நிற்கிறது, ஆனால் வேகம் ஏற மறுக்கிறது. எரிபொருள் ஃபில்டரை மாற்றியும் பலனில்லை. சைலன்சர் அடைத்திருக்குமா?

பதில்: இருக்கலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கற்கள் உருள்வது போலச் சத்தம் கேட்டால், பீங்கானோ சைலன்சரின் உள்தகடோ உடைந்திருக்கிறது. சத்தமில்லை என்பதற்காக அடைப்பும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பீங்கான் உருகி ஒரே கட்டியாகிவிட்டால் அது உருளாது.

அழுத்தத்தை அளப்பதே உறுதியான வழி. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தினால், அழுத்தம் ஐட்லிங்கில் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐக்குக் (அழுத்தத்தின் அலகு) கீழும், 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 3 பிஎஸ்ஐக்குக் கீழும் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் பின்னால் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. அந்தக் கேஜ் இல்லாதவர்கள் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் பாகம்) வாக்குவம் கேஜை இணைத்து, 2,500 ஆர்பிஎம்மில் எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டே வந்தால் அதுவும் அடைப்பின் அடையாளமே.

கேள்வி: காலையில் குழாயிலிருந்து வெண்புகையும் தண்ணீரும் வருகின்றன. கவலைப்பட வேண்டுமா?

பதில்: சில நிமிடங்களில் நின்றுவிட்டால் வேண்டாம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உருவாகிறது. குழாய் சூடாகும்வரை அது ஆவியாகவும் துளியாகவும் வெளியேறும். எஞ்சின் நன்கு சூடான பிறகும் வெண்புகை அடர்த்தியாக வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர் ஹெட்டின் அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: பின் சைலன்சரில் ஓட்டை விழுந்து இரண்டு முறை வெல்டிங் வைத்தேன்; பக்கத்திலேயே மீண்டும் பிய்கிறது. மூன்றாவது முறையும் ஒட்டலாமா? இப்போதெல்லாம் காருக்குள் லேசாகப் புகை நாற்றமும் வருகிறது.

பதில்: கடைசி வரியை நீங்கள் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். நாற்றம் வரும் வழியில் கார்பன் மோனாக்ஸைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று எவருக்கேனும் தோன்றினால் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். கசிவைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். பழுது நீங்கிய பிறகு, தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்களும் பின்கதவின் ரப்பர் விளிம்பும் முழுமையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இனி வெல்டிங். நான் மேலே சொன்ன தண்ணீர், குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் முழுதாக வற்றாமல், எஞ்சினிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் மிகக் குறைவாகவே சூடேறும் பின் சைலன்சரில் தேங்குகிறது. புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அது தகட்டை உள்ளிருந்து அரிப்பதால், வெளியில் ஓர் ஓட்டை தெரியும்போது சுற்றியுள்ள தகடு ஏற்கெனவே காகிதமாகியிருக்கும்; வெல்டிங்கின் சூடு அந்தக் காகிதத்தைப் பொசுக்கி அடுத்த ஓட்டைக்கு வழி செய்கிறது. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சுற்றிலும் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் ஒட்டலாம், மொத்தென்று ஒலித்தால் மாற்றுங்கள். உங்களுடையதை மாற்றத்தான் வேண்டும். புதிய சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருந்தால், அதை ஓட்டையென்று எண்ணி அடைத்துவிடாதீர்கள். (அப்படி அக்கறையோடு அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களையும் கூடவே மாற்றுங்கள், ஒரு ரப்பர் அறுந்தால் குழாயின் பாரமெல்லாம் முன்பக்க இணைப்புகளில் போய் விழும்.

கேள்வி: மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை நானே மாற்ற விரும்புகிறேன். நட்டுகள் துருப்பிடித்திருக்கின்றன. உடையாமல் கழற்றுவது எப்படி?

பதில்: அவசரமே போல்ட்டை உடைக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு, மறுநாள் இன்னொரு முறை விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும் என்பதால் ஆறு முனை சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள். இளகத் தொடங்கியதும் ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்று திறந்து, சற்று மூடி, மறுபடி திறந்து எடுங்கள். கேஸ்கெட்டை வைக்குமுன் மேனிஃபோல்டின் முகத்தில் நேரான எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். முகம் வளைந்திருந்தால் அதைக் கடைந்து சமப்படுத்தாமல் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. பூட்டும்போது நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, தயாரிப்பாளர் குறித்த டார்க் (திருகும் விசை) அளவுக்கு இரண்டு மூன்று கட்டங்களாக இறுக்குங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டை அந்த இணைப்பில் தடவவே வேண்டாம். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும்.