கால்சியம் குறைந்தால் கை ஏன் இழுக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தைராய்டு அறுவை சிகிச்சைக்கு மறுநாள் அம்மாவுக்கு உதட்டைச் சுற்றி மரமரவென்று இருந்தது, விரல்கள் இழுத்துக்கொண்டன. கால்சியம் குறைந்துவிட்டது என்றார்கள். தசை சுருங்கவே கால்சியம்தானே வேண்டும்? குறைந்தால் தளரத்தானே வேண்டும்?

மருத்துவ மாணவர்களே தடுமாறும் இடம் இது. கால்சியம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

தசை இழைக்குள் கால்சியம் தனிப் பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பின் உத்தரவு வந்ததும் அது வெளியே கொட்டி, ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் கோத்துக்கொண்டு தசை சுருங்குகிறது. கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் இறைத்த பிறகுதான் தசை தளரும். கை கால் தசைகளுக்கு இந்தக் கையிருப்பே போதும். ரத்தத்தில் அளவு இறங்கினாலும் அது சட்டென்று தீர்ந்துவிடாது.

நரம்பின் கதை வேறு. நரம்புச் சவ்வுக்கு வெளியே இருக்கும் கால்சியம், அங்குள்ள சோடியம் கால்வாய்கள் (சோடியம் உள்ளே நுழைந்து நரம்பைத் தூண்டும் வாசல்கள்) லேசில் திறந்துவிடாமல் அடக்கி வைக்கிறது. அது குறைந்தால் சிறு தூண்டலுக்கே அவை திறந்துகொள்ளும். நரம்பு தானாகவே உத்தரவு அனுப்ப, தசை சுருங்கும்.

தைராய்டுக்குப் பின்னால் பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தக் கால்சியத்தைக் காப்பவை அவைதான். அறுவையில் அவற்றின் ரத்த ஓட்டம் பாதிக்கப்பட்டால் இப்படி ஆகும். பிபி பார்க்கும் பட்டையை இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால் மணிக்கட்டு மடங்கும், விரல்கள் நேராகச் சேர்ந்துகொள்ள, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போகும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மரமரப்பு திரும்பினால் காத்திருக்காதீர்கள். இழுப்பு குரல்வளைக்கு வந்தால் மூச்சே அடைபடும்.

பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கியபோது எனக்கும் கை இழுத்தது. ஆனால் ரிப்போர்ட்டில் கால்சியம் 9.4, நார்மல்!

ரிப்போர்ட்டில் இருப்பது மொத்த அளவு. அதில் ஏறக்குறைய பாதிதான் தனித்த அயனி, வேலை செய்வதும் அதுதான். மீதியில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக் கிடக்கும். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது ஆல்புமின் இன்னும் அதிகமாகக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மொத்த அளவு மாறாமலே தனித்த அயனி குறைந்து கை இழுக்கும். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் சரியாகிவிடும். நெஞ்சு வலியும் சேர்ந்து வந்தால் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

பிபிக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அது கால்சியத்தைத் தடுக்கும் மருந்தாமே, எலும்பு தேயுமா?

தேயாது. ரத்தத்தில் உள்ள கால்சியத்தை அது குறைப்பதில்லை. ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழையும் கால்வாயை அடைக்கிறது, குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. கணுக்கால் வீக்கம் வரலாம், வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை கால் தசைகளைப் போல் அல்லாமல், ரத்தக் குழாயும் இதயமும் வெளியிலிருந்து வரும் கால்சியத்தை நம்பியே இயங்குகின்றன. இதயத்தின் விஷயத்தில் இதைக் காட்டியவர் லண்டனில் இருந்த மருத்துவர் சிட்னி ரிங்கர். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்புக் கரைசலில் தவளை இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தபோது சீக்கிரமே நின்றுபோனது. வித்தியாசம் லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம் என்று 1883-ல் எழுதினார்.

ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் மாத்திரை போடலாமா?

பெரும்பாலும் காரணம் கால்சியம் அல்ல. பாதத்தை முழங்கால் பக்கம் இழுத்து நீட்டுங்கள், விட்டுவிடும். அடிக்கடி வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம்.

கன்று ஈன்ற மறுநாள் எங்கள் பசு எழவே இல்லை. தலையை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது, காது சில்லிட்டுப் போனது. கால்சியம் ஏற்றியதும் எழுந்துவிட்டது. மனிதருக்கு இழுப்பு, மாட்டுக்கு மட்டும் ஏன் துவளல்?

நரம்பின் முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருள் வெளியேறி, செய்தி தசைக்குப் போய்ச் சேரும். சீம்பாலுக்காகக் கால்சியம் ஒரேயடியாக இறங்கும்போது மாட்டில் அந்தச் செய்தியே அறுந்துபோகிறது. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் நடுக்கமும் விறைப்பும் இருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. மனிதரிடம் நரம்பின் துடிப்பே முந்திக்கொள்கிறது.

அடுத்த ஈற்றுக்கு முன், சினையின் கடைசி வாரங்களில் கால்சியத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள். பாராதைராய்டு மந்தமாகி, தேவைப்படும் நேரத்தில் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் திணறும். பாட்டில் ஏற்றும் வேலையை மருத்துவரிடமே விடுங்கள். இதயத் துடிப்பைக் கேட்டபடி மெதுவாக ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.