ஆயில் கூலருக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மல்லிப்பட்டினத்தில் சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறேன். எஞ்சினுக்கு ஆறு வயது. ஒரு வருடமாக மடி (இழுவலை) இழுக்கும்போது ரொம்பச் சூடாகிறது, ஆயில் சீக்கிரம் இளகிவிடுகிறது. முன்பு 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிய ஆயிலை இப்போது 150 மணி நேரத்திலேயே மாற்றுகிறேன். ஒரு தடவைக்கு ஃபில்டரோடு 5,500 ரூபாய் ஆகிறது. ஆயிலின் சூட்டை ஆற்றும் ஆயில் கூலர் போட்டால் சரியாகிவிடும், டீசலும் மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். புதுசு என்றால் கூலியோடு 42,000 ரூபாய், லாரியில் கழற்றியது என்றால் 15,000. கையில் இருப்பது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த 50,000 மட்டும்தான். மனைவியின் நகையை வைக்கலாமா? வியாபாரி ஒருவர் வட்டியில்லாமல் முன்பணம் தருகிறேன் என்கிறார். கடன் தீரும்வரை இறாலை அவருக்கே கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போட வேண்டுமாம். நடைக்கு, அதாவது ஒரு தடவை கடலுக்குப் போய்வந்தால், சராசரியாக 25 கிலோ இறால் கிடைக்கும். எங்கள் படகில் செலவு போக மிச்சத்தில் படகுக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி.

பதில்: இன்றைக்கு வாங்காதீர்கள். கூலர் கெட்ட பொருள் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. உங்கள் படகில் ஆயில்தான் முதலில் சூடாகிறதா, வேறு கோளாறால் ஆயிலும் சேர்ந்து சூடாகிறதா என்று இதுவரை யாரும் அளந்து பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் 42,000 ரூபாய் கடன் வாங்கக் கூடாது.

அளப்பதற்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு லேசர் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. ஆயில் தங்கும் சம்ப்பின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு பெயிண்ட் பூசிக்கொள்ளுங்கள். பளபளக்கிற உலோகத்தில் அந்தக் கருவி சூட்டைக் குறைத்துக் காட்டும், அதற்காகத்தான் பெயிண்ட். மடி இழுக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து அந்த இடத்தையும், எஞ்சினிலிருந்து கூலிங் தண்ணீர் வெளியேறும் இடத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்கு நடைக்கு இதைச் செய்தால் போதும்.

இந்த வகை டீசல் எஞ்சின்களில் பாரம் இழுக்கும்போது ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது சாதாரணம். 120-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எண்ணெய்த் துறையில் புழங்கும் கணக்கு. கருவி சம்ப்பின் மேல்பரப்பைத்தான் அளக்கிறது, உள்ளே ஆயில் இன்னும் சில டிகிரி கூடவே இருக்கும்.

தண்ணீரும் 95-க்கு மேல் சூடாகிறது என்றால் கோளாறு கூலிங் பக்கம் இருக்கிறது. உங்கள் கரையில் சேறும் கடல்புல்லும் அதிகம். கடல் தண்ணீர் உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கலாம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், கடல் தண்ணீரால் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயில் உப்பு படிந்திருக்கலாம். இதையெல்லாம் சில ஆயிரத்தில் முடித்துவிடலாம். புகை கறுப்பாக வருகிறதா என்றும் பாருங்கள். புரொப்பல்லரோ மடியோ எஞ்சினின் தாங்குசக்திக்கு மிஞ்சி இருந்தாலும் சூடு ஏறும், கூலர் அந்தப் பாரத்தைக் குறைக்காது.

ஆயில் இளகுவதற்குச் சூடு மட்டும் காரணம் இல்லை. இன்ஜெக்டர் கசிந்து டீசல் கலந்தாலும் இளகும். டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால், துடைத்த துணியில் டீசல் வாசனை அடித்தால், அதுதான் நடக்கிறது. அடுத்து பிரஷர். ஆயில் சூடு 100-க்குள் இருக்கும்போதே ஐடிலில் (பாரமில்லாமல் மெதுவாக ஓடும்போது) ஆயில் பிரஷர் முள் கீழே விழுகிறது என்றால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒரு ரூபாய் கூடக் கூலருக்குப் போகக் கூடாது, எல்லாம் எஞ்சினைப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹாலுக்குத்தான் சேர வேண்டும். இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: உங்கள் எஞ்சினில் கம்பெனி கூலர் ஏற்கெனவே இருக்கிறதா? பல எஞ்சின்களில் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே போதுமானதாக இருக்கலாம்.

சரி, தண்ணீர் சூடு சரியாக இருந்து ஆயில் மட்டும் 120-ஐத் தாண்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 42,000 ரூபாய் திரும்பி வருமா?

உங்கள் பகுதி விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டுமே தொழிலுக்குப் போகின்றன. வருடத்துக்கு 156 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் அதில் சுமார் 26 போய்விடும், மிச்சம் 130. ஐப்பசி, கார்த்திகைப் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், ஆள் பற்றாக்குறை என்று இன்னும் 30 கழியுங்கள். 100 நடை. நடைக்கு 18 மணி நேரம் எஞ்சின் ஓடினால் 1,800 மணி நேரம். 150 மணிக்கு ஒரு தடவை என்றால் 12 ஆயில் மாற்றம், 250 மணிக்கு என்றால் 7. ஐந்து தடவை மிச்சம், ஆயில் செலவு முழுக்க உங்கள் பங்கில் என்று வைத்தால் 27,500 ரூபாய். கூலரின் பராமரிப்புக்கு 3,500 கழித்தால் 24,000. போட்ட பணம் ஒன்றே முக்கால் வருடத்தில் திரும்பும். நல்ல கணக்குதான். ஆனால் எஞ்சின் அதுவரை பிரிக்காமல் ஓட வேண்டும். வருகிற வருடமே ஓவர்ஹால் செய்யும் எண்ணம் இருந்தால் கூலரை அந்த வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டீசல் மிச்சம் என்று மெக்கானிக் சொன்னதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கூலர் ஆயிலைக் காக்கும், பேரிங்கைக் காக்கும், டீசல் செலவில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. வந்தாலும் டீசல் பொதுச்செலவு, மிச்சத்தில் பாதி ஆட்களின் பங்குக்குப் போகும். கூலரின் விலையோ முழுக்க உங்கள் பங்கிலிருந்து போகிறது. பங்குத் தொழிலில் எந்தச் செலவு யார் தலையில், எந்த லாபம் யார் கையில் என்று பிரித்துப் பார்க்காமல் முதலீடு செய்யவே கூடாது.

15,000 ரூபாய் பழைய கூலரை மறந்துவிடுங்கள். லாரி கூலர் உப்புத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது இல்லை. காற்றில் ஆறும் வகை என்றால் மூடிய எஞ்சின் அறையில் காற்றோட்டமே கிடையாது. கடல் தண்ணீரில் ஆறும் வகை என்றால், கூலர் குழாயில் பொத்தல் விழுந்ததும் ஓடும்போது பிரஷரில் ஆயில் கடலுக்குப் போகும், எஞ்சினை நிறுத்தியதும் கடல் தண்ணீர் ஆயிலுக்குள் வரும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வெளுத்துவிட்டால் கிராங்க் பேரிங்கின் கதை முடிந்தது. புதுசு வாங்கும்போது குழாய் குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்) தான் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அரிப்பைத் தாங்குவதற்கான துத்தநாகக் கட்டி உள்ளே இருக்க வேண்டும், அதை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து மாற்ற வேண்டும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கூலருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் வேண்டும், ஏனென்றால் ஆயில் ரொம்பக் குளிர்ந்தே ஓடினால் ஈரம் வெளியேறாமல் கசடு படியும்.

அப்புறம் பணம். வியாபாரியின் முன்பணத்தைத் தொடாதீர்கள். 100 நடை, நடைக்கு 25 கிலோ, 2,500 கிலோ இறால். கிலோவுக்கு 20 ரூபாய் குறைந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய். 42,000 கடனுக்கு 50,000 கொடுத்த பிறகும் அசல் அப்படியே நிற்கும். இதைத்தான் வட்டியில்லை என்கிறார்கள். இந்தக் கரையில் எத்தனையோ நல்ல தொழிலாளிகள் பாடு (மீன் வரத்து) நன்றாக இருந்தும் எழுந்திருக்க முடியாமல் போனது இந்த முன்பணத்தால்தான். ஆட்களின் பங்கும் இதில் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம்.

நகைக்கடன் இதைவிடப் பல மடங்கு மேல். வங்கியில் 9 சதவீதம் என்று வைத்தால் 42,000-க்குப் பத்து மாதத்தில் 3,150 ரூபாய்தான் வட்டி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டிலிருந்து மீனவர்களுக்கும் உண்டு. படகுப் பதிவும் மீன்பிடி உரிமமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட வரம்பு வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான். இது டீசல், ஐஸ், ஆள் முன்பணம் போன்ற நடைமுறைச் செலவுக்கான கடன், கூலர் வாங்க அல்ல. டீசலையும் ஐஸையும் அதில் வாங்கினால், இப்போது அதற்காகக் கையிலிருந்து போகும் ரொக்கம் உங்களிடம் தங்கும். அதிலிருந்து கூலருக்கு எடுங்கள். கார்டு கிடைக்கத் தாமதமானால் மட்டும் நகை.

மகளின் 50,000 அப்படியே இருக்கட்டும். தடைக்காலம் முடிகிற அதே ஜூனில்தான் கல்லூரிக் கட்டணமும் வரும், அப்போது கையில் வேறு வருமானம் இருக்காது.

வேலையைத் தடைக்காலத்தில், படகு சும்மா நிற்கும்போது செய்யுங்கள். அந்த இரண்டு மாதம் மெக்கானிக்குகளுக்கு ஓய்வே இருக்காது, ஆகவே இப்போதே நாள் சொல்லிவையுங்கள். நகை வைப்பதாக இருந்தால் வேலை தொடங்கும் வாரத்தில் வைத்தால் போதும், மாதத் தவணை இல்லாமல் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகையாக எடுங்கள். தடை முடிந்த முதல் சில வாரங்களில் பாடு பொதுவாக நன்றாக இருக்கும், அதிலிருந்து நடைக்கு 1,000 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் மார்கழி, தை வாக்கில் பெரும்பகுதி சேர்ந்துவிடும். அதுவரை 150 மணி நேரத்தில் ஆயில் மாற்றுவதை ஒரு தடவை கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கூலர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆயில் பிரஷர் குறைந்தால் சத்தம் போடும் அலாரம் ஒன்றை இந்த வாரமே மாட்டிவிடுங்கள். விலை அதிகம் இல்லை. பாக்கு நீரிணையில் எஞ்சின் நின்று நீரோட்டம் படகை இலங்கை எல்லைக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டால் படகும் போகும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள். டிரைவர் இருக்கும் இடத்திலேயே, எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கும்படி அதை வைக்கச் சொல்லுங்கள்.